மீனுக்குத் தெரியாமல் பரோட்டா

விடுதியில் தங்கிப் படிக்கப் போன மகள், தன் தங்கமீனை என்னை நம்பி விட்டுப்போனாள். ஒருநாள் காலையில் தொட்டிக் கண்ணாடி முழுக்க வெள்ளை நூல்போலப் புழுக்கள் நெளிந்தன. மீன் செத்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? பதறிப்போய் அவளுக்கே போன் செய்தேன்.

“தீனி எம்புட்டுப் போட்டீங்கப்பா? மிச்சம் அழுகித்தான் புழு வருது. தண்ணியப் பாதி மாத்துங்க. ரெண்டு நாளைக்கு ஒண்ணும் போடாதீங்க.”

“நான் சாப்பிடுறப்பல்லாம் அது பாத்துக்கிட்டே இருக்கே ஆத்தா!”

“உங்க வயித்த அளவா வச்சா மீனுக்குப் போட்டீக?” என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

வீட்டுக்கு வந்த யாரையும் நான் பட்டினியாக அனுப்பியதில்லை. இப்போது பரோட்டாவைப் பிய்த்தாலே மீன் வந்து கண்ணாடியில் முட்டுகிறது. தட்டோடு மாடிப்படிக்குப் போய் ஒளிந்து தின்கிறேன். அங்கேயும் நாலாவது பரோட்டா தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.