செத்த ரோஜாவுக்குப் பத்துக்குப் பத்து

இன்று திருப்பதியில் நர்சரி வைத்திருப்பவர்களுக்கான பயிற்சி வகுப்பு. வாங்கிப்போன செடி செத்துவிட்டது என்று சண்டைக்கு வரும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம்.

இரண்டிரண்டு பேராக நடித்துக் காட்டச் சொன்னார்கள். எனக்கு வாடிக்கையாளராக வாய்த்தவர் ஏர்பேட்டில் பூச்செடி விற்கும் ஒரு அண்ணன். காய்ந்துபோன ரோஜாத் தொட்டியை டம்மென்று மேசையில் வைத்தார்.

"இன்னாம்மா செடி குடுத்தே? தினம் தண்ணி ஊத்திகினுதான் இருந்தேன். நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. காத்தால எழுந்து பாத்தா செத்துக் கெடக்குது!"

என் வீட்டுக்காரர் போனதும் அப்படித்தான். மூன்று மாதம் ஆகிறது. புத்தூரில் எங்கள் நர்சரியை இப்போது நான்தான் பார்க்கிறேன். இந்த வகுப்புக்கு முதலில் பெயர் கொடுத்திருந்ததுகூட அவர்தான். அந்த அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"உக்காருங்கண்ணா. உங்க மேல தப்பு இல்ல. வேர்ல இன்னா இருக்குதுன்னு வெளியே தெரியாது" என்றேன்.

"சூசாரா? பாத்தீங்களா?" என்று பயிற்சியாளர் மேடம் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். "கஸ்டமர் அவ்ளோ கத்தியும் இவங்க முகம் மாறவே இல்ல. பத்துக்குப் பத்து!"

எல்லோரும் கைதட்டினார்கள். டீ குடிக்கும்போது அண்ணன், "இதை எங்க கத்துக்கினேம்மா?" என்று கேட்டார்.

"தானா வந்துச்சுண்ணா" என்றேன்.

திரும்ப அழுவதற்கு ஏதாவது வகுப்பு நடக்கிறதா? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்துகொள்கிறேன்.