மயிலத்தில் பூசை போட்ட வண்டி

என் தகப்பனாரின் வலக்கையை முடக்கியவன் நான். பக்கவாதம் என்றார் மருத்துவர். ஊரும் அதையே சொல்கிறது, நானும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் மறைக்க மனமில்லை... அது பாதி உண்மைதான்.

எல்லாம் ஒரு வாடகை வண்டியில் தொடங்கியது.

2012 வாக்கில், விழுப்புரத்தில் அக்காள் புதுவீட்டில் குடிபுகுந்தாள். ஊரிலிருந்த அப்பா அம்மாவை அழைத்துப் போக, நான் குடியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் ஒருவரிடம் பெரிய எஸ்.யூ.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அவர் விடுவதெல்லாம் வெள்ளை நம்பர் போர்டு வண்டிகள். பார்ப்பவர்களுக்கு வாடகை வண்டி என்றே தெரியாது.

அதுவரை பேருந்து ஜன்னலில் இடிபட்டுக்கொண்டே பார்த்த சாலை அது. அன்று அதன்மேல் நான் மிதந்தேன்! என்ன உயரம் அந்த இருக்கை! முன்னால் போகும் கார்களின் கூரை தெரிந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகள் இருபுறமும் தாழ்வாக ஓடின. சாலையின் பள்ளம் எதுவும் என் முதுகுக்கு எட்டவில்லை. ஹாரன் அடித்தால் லாரிக்காரர்கூட ஒதுங்கினார். நானும் ஒரு பெரிய மனிதன் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வண்டியை நிறுத்தியதும் அப்பா அதைச் சுற்றி வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கதவைத் தொட்டார்.

"உன்துதானப்பா?"

நான் ஆம் என்று சொல்லவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் நான் செய்த குற்றம்.

"அப்போ மொதல்ல மயிலம் போப்பா. நீ வண்டி வாங்கினா மொட்டை போடறேன்னு முருகனாண்ட வேண்டிக்கினு இருக்கேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. திண்டிவனம் பாலத்தில் ஏறும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கும்போது, கூட்டேரிப்பட்டில் சாலை பிரிகிற இடத்தில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அங்கே என் கை தானாகவே மயிலம் பக்கம் திருப்பிவிட்டது. பக்கத்தில் அப்பா அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்!

நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன்பக்கம் சந்தனம், குங்குமம், மாலை. யாரோ ஒருவருடைய வண்டிக்கு என் தகப்பனார் தலைமுடியைக் கொடுத்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து முன்னிருக்கையில் ஏறி, கடையில் வாங்கிய வேல் ஸ்டிக்கரை டேஷ்போர்டில் ஒட்டினார். உரிந்துவிடக்கூடாதென்று வலக்கைக் கட்டைவிரலால் அதை அழுத்திக்கொண்டே விழுப்புரம் வரை வந்தார்.

அதற்குப் பிறகு ஊருக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம், வண்டி சர்வீசில் இருக்கிறது என்று சொன்னேன். நம்பினார்.

அடுத்த வருடம் ஒரு நாள் காலை அம்மா போன் செய்தாள்.

"சேகரு, உங்கப்பாவுக்கு வாய் கோணிக்கினு போவுதுடா. கை தூக்க வரல. பக்கத்து வூட்டு ஏழுமலை குட்டியானை வண்டிய கொண்டாந்து நிறுத்திக்கினு இருக்கான். ஏற மாட்டேன்றாரு."

அவள் கையிலிருந்த போனில் அப்பாவின் குரல் குழறியது. "என் புள்ள... கார் வெச்சிக்கினு இருக்கறப்போ... நான் ஏன் லோடு வண்டியில போவணும்? நீ வர்றதானே?"

ஒரு வார்த்தை போதும். அந்த வண்டி என்னுடையது இல்லை, ஏறுப்பா என்று சொல்லியிருந்தால் அந்த நொடியே ஏறியிருப்பார்! என் வாயிலிருந்து வந்தது வேறு.

"வந்துக்கினே இருக்கேம்பா."

பனியனோடு வீட்டில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னேன். பிறகு தாம்பரத்துக்கு ஓடினேன். அதே வண்டிதான் வேண்டும் எனக்கு. வேறு வண்டியோடு போனால் பொய் வெளிப்பட்டுவிடுமே! அது ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. "இப்ப வந்துடும் சார்" என்றார் உரிமையாளர். காத்திருந்தேன். பெற்ற தகப்பன் அங்கே வாய் கோணிக் கிடக்க, என் மானத்துக்காக நான் காத்திருந்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள்...

போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். ஏழுமலை தன் வண்டியோடு இன்னும் நின்றுகொண்டிருந்தான். அப்பாவைத் தூக்கி முன்னிருக்கையில் உட்கார வைத்தோம். அவர் முகத்தில் பாதிதான் சிரித்தது.

வண்டி கிளம்பியதும் அவருடைய இடக்கை மெல்ல நீண்டு டேஷ்போர்டைத் தடவியது. அந்த வேல் ஸ்டிக்கரைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த இடத்தில் வேறு யாரோ ஒட்டிய பிள்ளையார் இருந்தார். அவர் விரல் பிள்ளையாரின்மேல் சற்று நேரம் நின்றது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, திண்டிவனம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"காலையிலேயே கொண்டாந்திருக்கலாமே" என்றார் மருத்துவர். அம்மா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

இப்போதும் மாதாமாதம் ஊருக்குப் போகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் போகிறேன். அது தேவைப்படுவதே இல்லை. வண்டியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இடக்கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, குழறிக் குழறி ஒன்றுதான் கேட்பார்.

"பஸ்ல... உக்கார எடம் கெடச்சுதாப்பா?"

கிடைத்தது என்பேன்.