மகேஸ்வரி கேட்காமல் விட்ட கேள்வி

எட்டு வாரக் கருவின் கல்லீரல் துணுக்கு அது. நோயை எதிர்க்கும் ஆன்டிபாடியைச் செய்யும் மரபணு அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. மூன்று முறை சோதித்தாள் மகேஸ்வரி. மூன்று முறையும் அதே முடிவு. அவ்வளவு இளம் கருவில் அந்த ஆய்வகத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

ஆய்வகத் தலைவர் முரளிதரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அம்மாவோட ரத்தம் கலந்திருக்கும்மா. அவங்ககிட்ட கொஞ்சம் ரத்தம் வாங்கி ஒப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சுடும்."

"இப்பவே ஹனூருக்கு பஸ் ஏறிடறேனுங்க சார்."

திசு தந்த பெண்ணின் ஊரான ஹனூர் மகேஸ்வரிக்கும் சொந்த ஊர்தான். மைசூருக்கு வந்து பன்னிரண்டு வருடம். கொள்ளேகால் பக்கமிருந்து வரும் தமிழ்ப் பெண்களுக்குக் கரு கலைந்துவிட்டால், திசுவை ஆய்வுக்குத் தர அவர்களிடம் பேசி ஒப்புதல் வாங்குவதும் அவள்தான். அந்தப் பெண்ணின் ஒப்புதல் படிவத்தை எடுத்தாள். மாதேவி, ஹனூர். கீழே ஒரு வரி: மறுபடி தொடர்புகொள்ளலாமா? 'கூடாது' என்ற கட்டத்தில் டிக். பஸ் ஏறும் அவசரத்தில் அதை மறந்திருந்தாள்.

"வேண்டாம்னுட்டாங்களா?"

"நான் கேக்கலீங்க சார்."

"அப்புறம் டிக் எப்படி வந்தது?"

"பறிகொடுத்துட்டுப் படுத்திருக்கறவங்ககிட்ட, திரும்பவும் வருவோம்னு எப்படீங்க சொல்றது? நானேதான்..."

"எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்குமுங்க."

"நல்ல மனசு. அதை வெச்சு ஒரு கட்டுரையும் எழுத முடியாது." படிவத்தை மூடினார். "கூடாதுன்னு இருக்கறப்போ போய்க் கதவைத் தட்ட முடியாதும்மா." முடிவுக்கு எதிரே 'சந்தேகம்' என்று எழுதி ஒதுக்கிவிட்டார்.

நாள் முழுக்க அவளுக்கு எரிச்சல் அடங்கவில்லை. அவர் மீதா, படிவத்தின் மீதா என்று பார்த்தால் இரண்டும் இல்லை. இரக்கம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தது, அழுகிற முகத்தைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்கும் சங்கடத்திலிருந்து தப்பிக்கத்தானோ?

மறுநாள் வார்டில் சித்தம்மா என்ற பெண். ஒன்பது வாரக் கரு கலைந்திருந்தது. மகேஸ்வரி தலை நிமிராமல் கேட்டாள். "அக்கா, பின்னால ஏதாச்சும் வேணும்னா உங்களைத் தேடி வரலாமுங்களா?"

"வராம பின்ன? என் வயித்துல இருந்தத எடுத்துட்டுப் போறீங்க. அதுல என்னத்தக் கண்டீங்கன்னு எனக்குச் சொல்ல வேண்டாமா? நல்லாருக்கு உங்க நியாயம்!"

மகேஸ்வரி 'தொடர்புகொள்ளலாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். மாதேவியும் இதையே சொல்லியிருக்கலாம். போடி என்று முகத்தைத் திருப்பியும் இருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.