கடல் பின்வாங்கிய படம்

நேற்றுப் பின்னேரம், நான் வரைந்த படத்தைப் பார்த்து உம்மா பயந்துவிட்டார்.

மருதமுனையில் ஒரு சின்னக் கண்காட்சி. 'சிறுவயதுக் கடற்கரை' என்று ஒரு படம் தரச் சொல்லிக் கேட்டார்கள். லேசான வேலைதானே என்று ஓம் சொல்லிவிட்டேன். (தலையணைக்குள்ளும் கடல் மண் கிடக்கிற ஊரில் பிறந்தவள் நான்!)

நாலு நாள் மெனக்கெட்டேன். வானம் வந்தது. தோணிகள் வந்தன. கடல் மட்டும் வரவில்லை.

நீலத்தைப் பூசுவேன், பிழையாகத் தெரியும், துடைப்பேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. கடைசியில் அலை இருக்க வேண்டிய இடத்தில் ஈரச் சேறும் கறுத்த பாறைகளும் துடிக்கிற மீன்களும்தான் இருந்தன. அந்த வெறுந்தரையில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பிள்ளை, முதுகைக் காட்டியபடி நடந்துபோகிறது.

அது நான்தான் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் கற்பனை என்றும் நினைத்தேன். ஏனென்றால் சுனாமி வந்த காலையில், நாலு வயதில், நான் கடலுக்குத் தூரமான சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் இருந்தேன். வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

தேத்தண்ணி கொண்டுவந்த உம்மா படத்தைப் பார்த்ததும் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"இத உனக்கு ஆரு சொன்ன?"

ஒருவரும் சொல்லவில்லை, தானாக வந்தது என்றேன்.

"நீ சம்மாந்துறையில இருக்கல்ல மகள். கடக்கரையிலதான் நிண்ட."

கடல் உள்வாங்கியதும் பிள்ளைகள் மீன் பொறுக்க இறங்கினார்களாம். உம்மா ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நான் வாய் திறக்கவில்லை. மறுபடி கதைத்தபோது எனக்கு எதுவும் ஞாபகமில்லை. அப்படியே இருக்கட்டும் என்று சம்மாந்துறைக் கதையைச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள்.

மஞ்சள் சட்டையைக் காட்டி, இது நான்தானே என்று கேட்டேன்.

"உண்ட சட்ட சிவப்பு. இது பக்கத்து வீட்டு ரிஸ்னா. உண்ட கையப் புடிச்சிட்டு நிண்ட புள்ள. ஒரு கையாலதான் உன்னத் தூக்கினன். மத்தக் கை சும்மாதான் இருந்திச்சி."

உம்மாவின் பக்கத்தில் போய் இருந்தேன். இருபது வருசத்துக்கு மேலாக இதை யாரிடமும் சொல்லவில்லையாம்.

ரிஸ்னாவின் வாப்பா இப்போது சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார். அவரிடம் காட்டாமல் இதை எங்கும் தொங்கவிடக் கூடாது என்று உம்மாதான் சொன்னார்.

இன்று காலை ஆட்டோவில் கொண்டுபோனோம். வாசலில் நின்றபடியே உம்மா எல்லாவற்றையும் சொன்னார். சும்மா இருந்த அந்தக் கையையும் சொன்னார்.

ரிஸ்னாவின் வாப்பா கோபிக்கவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம். இப்புடித்தான் கால வளைச்சி நடப்பா."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மகள், முகத்தக் கீறித் தர ஏலுமா? போட்டோ ஒண்டும் மிஞ்சல்ல. எனக்கே இப்ப மறந்து போகுது."

எனக்கும் அந்த முகம் ஞாபகமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மா முந்திக்கொண்டார்.

"எனக்கு மறக்கல்ல. நான் சொல்றன், இவ கீறுவா."

படத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தோம். பின்னேரம் அசர் தொழுகை முடிந்து உம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, நெற்றி வரைந்தேன், புருவம் வரைந்தேன். கண்ணுக்கு வந்ததும் போதும் என்று எழும்பிப் போய்விட்டார்.

சுனாமிக்கு முந்திக் கடற்கரைத் தெருவில் எடுத்த கல்யாணப் படமோ பெருநாள் படமோ உங்களிடம் இருந்தால், ஓரங்களைக் கொஞ்சம் பாருங்கள். நாலைந்து வயதுப் பெண்பிள்ளை யாராவது நின்றால் எனக்கு அனுப்புங்கள்.

உம்மா பார்த்துச் சொல்வார்.