வண்டிக்குப் போன வெந்நீர்

என் கணவரின் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசாத ஆள் அந்தக் காலத்தில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கிடையாது. அவர் கோப்பி ஆற்றுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே தள்ளுவண்டியைச் சுற்றிக் கொஞ்சம் பேர் நிற்பார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வரும். ஒரு கிளாஸ் கோப்பியில் முக்கால்வாசி வெந்நீர். அந்த வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் காய்ச்சினேன், நான் தூக்கி வந்து ஊற்றினேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கலியாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்துவிட்டது. வண்டியில் ஒரு பித்தளை பாய்லர் இருந்தது, அடியில் கரி அடுப்பு. மார்க்கெட் வியாபாரிகள், மாட்டுக்கொட்டகை ஆட்கள், ரோடு கூட்டுகிறவர்கள் எல்லாரும் பேசிவைத்ததுபோல் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். பாய்லர் மளமளவென்று இறங்கும். அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொதி அடங்கிப்போகும். கோப்பி வடிகட்டுகிற துணிப்பைக்குள் இருக்கிற தூள் சாறு விடாது. நிறம் மட்டும் இருக்கும், கோப்பி இருக்காது. அதனால் குறைகிற பாய்லருக்குக் கொதிக்கிற தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். இது என் கணவரின் சட்டம். சட்டம் போட்டவர் வண்டியைவிட்டு நகர மாட்டார்.

பின்தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. சமையலறை கீழே, பின்புறம், எல்லாக் குடும்பத்துக்கும் பொது. விடிவதற்கு முன் இறங்கி, பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றி, பக்காவ் என்கிற சதுப்புநில மரத்து விறகை வைத்து ஊதுவேன். கொதித்ததும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் மொண்டு, தளும்பாமல் இருக்க மேலே ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டுத் தூக்கிக்கொண்டு போவேன். பின்சந்து வழியாகப் போய், கடைகளின் அஞ்சடி நடைபாதையில் தூங்குகிறவர்களை மிதிக்காமல் தாண்டி, வண்டிக்கு. ஊற்றிவிட்டுத் திரும்பினால் அடுத்த தகரம். மரத்துண்டு இருந்தும் தண்ணீர் தெறிக்கும். என் கணுக்காலில் இருக்கிற தழும்புகளெல்லாம் அப்போது வாங்கியவை.

அசதி என்றால் அப்படி ஓர் அசதி. மத்தியானம் சோறு வடிக்கும்போது நின்றபடியே கண் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முதலில் தேடுவது கோப்பியைத்தானே.

முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. ஒருநாள் வண்டியிலிருந்து திரும்பும்போது பின்சந்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு அந்தத் தகரத்தைப் பார்க்கவே பிடிக்காது. இருந்தாலும் தூக்கினேன்.

இரண்டாவது முறை உண்டானபோது ஒன்றை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டேன். பிள்ளை பிறந்த பிறகு எனக்குக் கொஞ்ச நாள் படுக்கை வேண்டும். எங்கள் வழக்கப்படி யாராவது எனக்கு எண்ணெய் தேய்த்து, இடுப்பில் வெந்நீரை ஓங்கி ஊற்ற வேண்டும். அந்த வீட்டில் யார் பிள்ளை பெற்றாலும் வெந்நீர் என் அண்டாவிலிருந்துதான் போகும், அதுவும் வண்டிக்கூட்டம் கலைந்த பிறகு. எனக்கென்று ஊற்ற என் அம்மா இங்கே இல்லை. கணவரிடம் கேட்டேன்.

"நான் படுத்துட்டா வண்டிக்குத் தண்ணி யாருங்க கொண்டாருவா?"

"பாத்துக்கலாம்லா. இப்பவே எதுக்கு அது?"

கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் பாய்லருக்கு அந்தப் பக்கம் ஓர் உலகம் இருப்பது அவருக்குத் தெரியாது.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீ தூக்க வேணாம். நானே ஓடியாந்து எடுத்துக்கிறேன். அடுப்ப மட்டும் பாத்துக்க."

பெரிய சலுகை கொடுத்துவிட்டதுபோல் ஒரு முகம். எனக்கு ஆத்திரமாக வந்தது. அடிவயிற்றில் துணியைக் கட்டிக்கொண்டு, படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். பிள்ளை மாடியில் அழும். ஏறிப் போவேன், பால் கொடுப்பேன், இறங்கி வருவேன். அவர் தகரத்தோடு மூச்சிரைக்க ஓடி வந்து, மொண்டுகொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடுவார்.

பக்கத்து அறையில் ஓர் அக்கா இருந்தார். மாதா கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போகிறவர். ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைக்கிற வேலை, காலையிலேயே கிளம்பிவிடுவார். இரண்டு நாள் என்னைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனார். அடுத்த நாள் விடியற்காலையில் முந்தானையில் வேப்பிலையும் நொச்சியும் கொண்டுவந்தார். இலை சாக்கடையை அடைக்காமல் இருக்கத் துணியில் மூட்டையாக முடிந்து, அண்டாவுக்குள் போட்டார். ஒரு கை மஞ்சள்தூளும் போட்டார்.

"அக்கா, இது வண்டிக்குப் போற தண்ணி" என்றேன்.

"இன்னைக்கி இல்ல. நான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒனக்கு ஊத்தணும். எந்திரி."

சமையலறையை ஒட்டித் தகரத் தட்டி போட்ட குளியல் இடம். அங்கே என்னை உட்கார வைத்து, நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. தகரத்தில் மொள்ளுகிற சத்தமும் கேட்டது. புகையும் இருட்டுமாக இருக்கிற இடம், அதில் அவர் எதைப் பார்க்கப் போகிறார்! அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் கணவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தெம்பு இல்லை. உண்மையைச் சொன்னால் மனமும் இல்லை.

வண்டியில் நடந்ததைப் பிறகு பல பேர் சொல்லக் கேட்டேன். கொதிக்கிற வேப்பிலைத் தண்ணீரை அப்படியே பாய்லரில் ஊற்றி, தூளைப் போட்டு, வழக்கம்போல் தூக்கி ஆற்றி நீட்டியிருக்கிறார். முதலில் வாயில் வைத்தவர் ரோட்டிலேயே துப்பினார். இன்னொருவர் மோந்து பார்த்துவிட்டு, "அண்ணே, என்னாண்ணே இது, கோப்பியா கசாயமா?" என்று கேட்டார். மாட்டுக்கொட்டகைக்காரர் ஒருவருக்கு அப்போதுதான் வீட்டில் பிள்ளை பிறந்திருந்தது. அவர் கிளாஸை மூக்கருகே வைத்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணே, இது பிள்ள பெத்தவங்களுக்கு ஊத்துற தண்ணிலா! ஒங்க வீட்டுல பிள்ள பொறந்திருக்கா?"

கணவர் ஆமாம் என்று தலையாட்டினாராம்.

"எப்ப? சொல்லவே இல்லியே! அப்ப தண்ணிய யாரு காய்ச்சுறா?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான். கணவர் காலித் தகரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, தட்டிக்கு வெளியே நின்று கத்தினார்.

"யாரு அண்டாவுல எலையப் போட்டது? பாய்லர் பூரா கெட்டுப்போச்சு! ஆளுங்க நிக்கிறாங்க!"

"நான்தான் தம்பி போட்டேன்" என்றார் அக்கா. ஊற்றுகிற கை நிற்கவில்லை. "இது ஒங்க பொண்டாட்டிக்குப் போட்ட தண்ணி. நீங்க பாத்து மொண்டிருக்கணும். ஆளுங்க நின்னா நிக்கட்டும்."

அதன் பிறகு அவர் போய்விட்டாரா, நிற்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. அக்கா சொம்பு சொம்பாக இடுப்பில் ஓங்கி ஊற்றினார். சூடு எலும்பு வரைக்கும் இறங்கியது. எத்தனை அண்டா காய்ச்சியிருப்பேன், என் மேல் ஒரு சொம்பு விழுந்ததில்லை. உட்கார்ந்தபடியே அழுதேன். அக்கா அதைப் பார்க்காததுபோல் முதுகைத் தேய்த்தார்.

அன்றைக்கு வண்டி சீக்கிரமே திரும்பிவிட்டது. அவர் பாய்லரைக் கழற்றிப் புளி போட்டு வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளை பக்கத்தில் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் விடிவதற்கு முன் பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது. பாயில் அவர் இல்லை. புகை நாற்றம் மாடிவரைக்கும் ஏறியிருந்தது. படியில் பாதி இறங்கிப் பார்த்தேன். அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். ஈர விறகை அடியில் திணித்து ஊதிக்கொண்டிருந்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக ஊற்றியது. அண்டா வழிய வழியத் தண்ணீர், அடியில் ஒரு பொறி இல்லை. என்னைப் பார்த்ததும் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது எப்படிப் பத்துது? நீ எப்படிப் பத்த வைப்ப?"

சின்ன விஷயம்தான். காய்ந்த சிராயை அடியில் வைத்து, கட்டையைக் குறுக்கே அடுக்கி, நடுவில் காற்றுக்கு வழி விட வேண்டும். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். கீழே போயிருந்தால் என் கை தானாகவே செய்திருக்கும்.

ஒன்றும் சொல்லாமல் மாடிக்குத் திரும்பி, பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தேன். கீழே அவர் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.