மிக்சிப் பெட்டிக்குள் ஒரு படை

ஞாயிற்றுக்கிழமை காலையானால் இந்த ஊரில் தலை நரைத்த மனிதர்கள் பொம்மை வைத்து விளையாடுகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. வீட்டுப் பெண்கள் லுச்சி என்கிற மைதா பூரி பொரித்துக் கொடுக்கிறார்கள். எங்கள் கரூரில் ஐம்பதைத் தாண்டிய ஒருவன் விரல் உயரச் சிப்பாயை மேசைமேல் நகர்த்திக்கொண்டிருந்தால், முதலில் வீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒளித்துவைப்பார்கள், பிறகுதான் டாக்டரைக் கூப்பிடுவார்கள். கொல்கத்தாவில் அதற்குப் பெயர் ரசனை. அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற நானும் அந்த மனிதர்களில் ஒருவன்.

விளையாட்டு நடப்பது ஜாதவ்பூரில், பிரபீர்தா வீட்டில். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். இங்கே தாதா என்றால் அண்ணன், பேரோடு ஒட்டினால் வெறும் தா. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பிளைவுட் மேசை, அதன்மேல் பழைய ஜப்பான். சரித்திரத்தில் இருந்த ஜப்பான் அல்ல, இவர்களாகக் கட்டிவிட்ட ஜப்பான். சாமுராய்களுக்குப் பக்கத்தில் கொம்பு வைத்த அரக்கர்கள் நிற்பார்கள், மடாலயத்தில் நரிகள் பெண்ணுருவில் உலவும். தையற்காரர் டேப்பால் தூரத்தை அளந்து படையை நகர்த்த வேண்டும். யார் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்லும். சுவரில் ஒரு வரைபடம். அதில் ஆளுக்கொரு பிரதேசம், ஆளுக்கொரு நிறம். ஜெயித்தவர் தோற்றவரின் நிலத்தில் தன் நிறத்தைப் பூசிக்கொள்வார். நிலம் உள்ளவர்களுக்குக் கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு உண்டு. அவர்கள் படைகள் வாரம் முழுக்க அங்கேயே குடியிருக்கும்.

நான் சேர்ந்த அன்று எந்தப் பிரதேசம் வேண்டும் என்று பிரபீர்தா கேட்டார். நமக்கெதற்கு, தாதா, நிலமெல்லாம், ஆர்டர் வந்தால் கிளம்புகிற ஆள் என்றேன். மாற்றல் உத்தியோகக்காரன் வாயில் வேறென்ன வரும்? இங்கே இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும்: பெரிய கட்டில் வாங்க மாட்டோம், சுவரில் ஆணி அடிக்க மாட்டோம், டிவி வந்த பெட்டியைப் பரணிலிருந்து எறிய மாட்டோம். காய்கறிக்காரர் கேட்டால்கூட, அடுத்த வருஷம் இருப்போமோ என்னவோ என்போம். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரபீர்தா எனக்கு ரோனின் படையைக் கொடுத்தார். எஜமான் இல்லாத வீரர்கள், நிலம் கிடையாது, யார் அழைக்கிறார்களோ அவர்களுக்காகச் சண்டை போடுகிற கூலிப்படை. நானே உட்கார்ந்து வர்ணம் தீட்டினேன். மிக்சி வந்த அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியைக் கிழித்து விரித்து, அதில் அவர்களைப் படுக்கவைத்து, வீடு இருக்கிற டாக்குரியாவில் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்குவேன். மத்தியானம் அதே பெட்டியோடு திரும்புவேன்.

பல வருஷம் மற்றவர்களுக்காக வெட்டுப்பட்டேன். போன குளிர்காலத்தில் ஒரு பாலத்தை என் ரோனின்கள் தனியாக நின்று காத்தார்கள். கூலியாக நிலம் கேட்கலாம் என்று விதியில் ஓர் ஓரத்தில் இருந்தது, கேட்டேன். யாருக்கும் வேண்டாத தெற்குக் கடற்கரை கிடைத்தது. அதற்கு மஞ்சள் பூசினேன். அதை எல்லோரும் மெட்ராஸ் என்று கேலி செய்தார்கள். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குக் கோபப்பட்டே பழகியவன், அன்றைக்கு மட்டும் சந்தோஷப்பட்டேன். அலமாரியில் கீழ்த்தட்டை ஒழித்துக் கொடுத்தார் பிரபீர்தா. நான் பெட்டியைத்தான் கட்டினேன். அடுத்தவர் வீட்டில் சாமானை விட்டுவருவதாவது?

இந்த வருஷம் நிஜமாகவே ஆர்டர் வந்தது. பதவி உயர்வு, சென்னை. பிரபீர்தா வீட்டில் ஆட்டுக்கறி சமைத்தார்கள், எனக்கு வெள்ளை ஜிப்பா ஒன்று கொடுத்தார்கள், ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். வீட்டிலோ வேறு கதை. மகள் இங்கேயே படிக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தால் வாயில் தமிழே வராது, வங்காளம்தான். நானும் யோசித்துப் பார்த்தேன். சென்னையில் எனக்கு யாரைத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை எங்கே போவேன்? உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கரூரில் அண்ணன் எனக்காக மாடியைப் பூட்டியே வைத்திருந்தார். செய்தி கேட்டதும் போனில், "நீ வர்லீன்னா மாடிய வாடகைக்கு உட்டர்றேன் தம்பி, சும்மா கெடக்குது" என்றார். விடுங்க அண்ணா என்றேன். வாய் சொல்லிவிட்டது, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பெட்டியோடு போனேன். இந்த முறை படையை அலமாரியிலேயே விட்டுவருவதென்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கதவைத் திறந்த பிரபீர்தா, ரயில் டிக்கெட் கிடைக்கவில்லையா என்று கவலையோடு விசாரித்தார். போகவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றேன். நல்லது நல்லது என்று முதுகில் தட்டினார். அவர் தோளுக்குப் பின்னால் அலமாரி தெரிந்தது. கீழ்த்தட்டில் வேறு யாருடைய அரக்கர்களோ நின்றார்கள். வரைபடத்தில் என் கடற்கரையில் பாதி சிவப்பு, பாதி நீலம், ஓரத்தில் மட்டும் ஒரு திட்டு மஞ்சள். ஜிப்பா கொடுத்த கையோடு பங்கு போட்டிருக்கிறார்கள். முழுக் கடற்கரையையும் யார் எடுப்பது என்றுதான் அன்றைய சண்டை.

என் நிலம் அது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. பிரபீர்தாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஆப்னி தோ சோலே ஜாச்சிலேன்" என்றார். நீங்கள் போவதாக இருந்தீர்களே என்று அர்த்தம். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். பிறகு எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, சிவப்புக்காரனான சுபோவைக் காட்டினார். வங்கியில் வேலை, புதிதாகச் சேர்ந்தவன். அவனிடம் ஆள் குறைவு, கூலிப்படை கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றார்.

கிளம்பி வந்திருக்கலாம். வரவில்லை. எங்கே போவது? பெட்டியைத் திறந்து ரோனின்களை எடுத்து நிறுத்தினேன். அந்தக் கடற்கரையில் எந்த மேட்டின் பின்னால் மறையலாம், எங்கே தண்ணீர் ஆழமில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பகடையும் அன்றைக்கென்று எனக்கே விழுந்தது. நீலம் மொத்தமும் போயிற்று. சுபோ சிவப்பு வர்ணத்தைத் தொட்டு, ஓரத்தில் திட்டாக மிஞ்சியிருந்த மஞ்சளையும் சேர்த்துப் பூசினான். எல்லோரும் கை தட்டினார்கள், எனக்குத்தான் அதிகமாக. நல்ல உழைப்பு, அடுத்த வாரமும் வந்துவிடுங்கள் என்றான் சுபோ. லுச்சி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பசியில்லை என்று பொய் சொன்னேன்.

டாக்குரியாவில் மனைவி கதவைத் திறந்ததும் என் கையைத்தான் பார்த்தாள். "ஏனுங்க, அங்கயே வெக்கலீங்களா?" என்றாள். இல்லை என்றேன். பெட்டியைப் பரணில் ஏற்ற மனம் வரவில்லை. உள்ளே வைக்கவும் இடம் தோன்றவில்லை. செருப்பு ஸ்டாண்டின் பக்கத்தில் கீழே வைத்தேன். கயிறு கட்டிய பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போது அதைப் பார்த்துவிட்டு, எப்போது ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.