கேப்டன் தர்ஜியின் கொடியை இறக்கியவர்கள்

நீதான் செய்தாய். உன் பெயரை இங்கே போடப்போவதில்லை; போட்டால் அதையும் ஒரு வீடியோ ஆக்கி வியூஸ் எடுப்பாய். ஆனால் செய்தது நீ. கேம் செய்தி சொல்கிறேன் என்று கேமரா முன்னால் உட்கார்ந்து, ஒரு நல்ல மனுஷனை அவர் கப்பலிலிருந்தே இறக்கிவிட்டாய். உன்னிடம் கடைசியில் பேசுகிறேன். அதுவரை ஓரமாக உட்கார்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பழைய கேம் டிஸ்க் வியாபாரம் என்பது ஒருத்தருக்குச் சலித்துப்போனதை இன்னொருத்தருக்கு ஆசையாக்கி விற்கிற தொழில். மண்டி மொஹல்லா என்கிற பேட்டையில், எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய சந்தில் என் கடை. மார்டள்ளி கிராமத்திலிருந்து வந்து, மண்டியில் மூட்டை தூக்கி, பிளாட்பாரத்தில் மொபைல் கவர் விற்று, ஏமாந்து ஏமாந்தே பேரம் படித்தவன் நான். கேம் வெறியனும்தான். டிரெய்லரை நம்பி முன்பதிவு செய்து, ஏமாந்து, திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த டிரெய்லர் வந்ததும் மறுபடி முன்பதிவு செய்கிற ரகம் நீங்கள் என்றால், நாமெல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வார்டு. எங்கள் கடைப் பேச்சு முக்கால்வாசி கன்னடம். தமிழில் எழுதுகிறேன், இடையில் அந்த வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூடிய கடல்

அந்த கேமுக்கு எங்கள் கடையில் கப்பல் கேம் என்று பேர். ஒரு கப்பலுக்கு எட்டுப் பேர். மைக் கிடையாது, டைப் செய்து அனுப்பவும் வழி கிடையாது. கேப்டன் கொடியாலும் விளக்காலும் ஜாடை காட்டுவார். மற்ற ஏழு பேரும் அதைப் பார்த்துத்தான் பாய் விரிக்க வேண்டும், பீரங்கி திருப்ப வேண்டும். கம்பெனியின் சர்வர் ஓடினால்தான் கப்பல் ஓடும். கையில் இருக்கிற டிஸ்க் வெறும் நுழைவுச் சீட்டு. அந்த சர்வரைத்தான் மூன்று மாதத்தில் நிறுத்தப்போகிறோம் என்று கம்பெனிக்காரன் ஒரு நாள் அறிவித்தான். நம்முடைய அன்புக்கு நன்றியும் சொல்லியிருந்தான். கடையை மூடுகிறவன் சொல்கிற நன்றியைப் போல எரிச்சல் கிளப்புவது உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு பேங்க்காரர் வந்து நின்றார். போன வாரம்தான் என்னிடம் அந்த டிஸ்க்கை வாங்கினவர். திருப்பி எடுத்துக்கொள் என்கிறார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நான் வித்தது டிஸ்க் சார். டிஸ்க் நல்லாத்தானே இருக்கு? கீறல் இருக்கா, காட்டுங்க பார்ப்போம்!" என்று கத்தினேன். அவர் சத்தமே போடாமல் டப்பாவை மேஜைமேல் வைத்தார். "அங்கே கடலையே மூடுறான். நான் இந்தக் கப்பலை வீட்டுல பக்கெட்ல விடட்டுமா?"

அடித்துச் சொன்ன செய்தி

அடுத்த சில வாரம் உனக்குத் தீபாவளி. இன்னொரு கம்பெனி இந்த கேமை வாங்குகிறது என்று ஒரு வீடியோ. வாங்கவில்லை என்று ஒரு வீடியோ. வாங்குகிறது என்று யார் கிளப்பிவிட்டது என்று கோபமாக ஒரு வீடியோ. கிளப்பிவிட்டதே நீ! எல்லாவற்றின் முகப்பிலும் வாயைப் பிளந்துகொண்டு நீ. நாங்களும் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பார்த்தோம். செத்துப்போகப் போகிறவனின் சொந்தக்காரர்கள் டாக்டர் வாயையே பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

ஒரு சாயங்காலம், ஒரு கன்சோல் கட்சிக்காரரும் இன்னொரு கன்சோல் கட்சிக்காரரும் என் கடைக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். உங்கள் கன்சோலில் ஆள் சேராததால்தான் கேம் சாகிறது என்று இவர். உங்கள் ஆட்கள் திருட்டு விளையாட்டு ஆடியதால்தான் என்று அவர். இருவரும் வேலைக்குப் போகிற, கல்யாணமான ஆம்பிளைகள். தள்ளுமுள்ளில் என் ஷோகேஸ் கண்ணாடி விரிசல் விட்டது. நான் நாற்காலியைத் தூக்கிவிட்டேன். என் கடையில் கன்ட்ரோலர் பழுது பார்க்கிற சித்தராஜு, பற்றவைக்கிற கம்பியைக் கீழே வைக்காமல், தலையையும் நிமிர்த்தாமல் சொன்னான்: "கேம் சாக இன்னும் டயம் இருக்கு குரு. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் முந்திக்காதீங்க."

அஸ்லம் பாய்

எங்கள் சந்துக் கோடியில் டூவீலருக்கு சீட் கவர் தைக்கிறவர் அஸ்லம் பாய். பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. கப்பல் கேமில் அவர் பெயர் கேப்டன் தர்ஜி. தர்ஜி என்றால் தையல்காரர். அவர் கப்பலில் ஏறுவதற்கு ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். மற்ற கேப்டன்கள் ஜாடைகளைப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். இவர் வாழ்க்கை முழுக்க ஜாடையில்தான். ஒரு கொடி அசைவில் திட்டுவார், கிண்டல் செய்வார், பொறு என்பார். புயலில் மற்ற ஏழு பேரும் பதறும்போது அவர் விளக்கு மட்டும் நிதானமாக அணைந்து எரியும்.

என் கப்பல் ஒரு தடவை அவரிடம் தோற்ற கடுப்பில், "அப்படி என்ன பாய் இருக்கு இந்த கேம்ல? இதைவிட நல்லதா நூறு இருக்கு, எடுத்துத் தரேன்" என்று போனில் டைப் செய்து காட்டினேன். அவர் சிரித்தார். என் போனையே வாங்கி டைப் செய்து திருப்பித் தந்தார். "வெளியே நான் ஒருத்தன்தான் செவிடு. அங்கே எல்லாரும்."

அறிவிப்பு வந்த அன்றைக்கு எங்களுக்குப் போகப்போவது ஒரு கேம். அவருக்குப் போகப்போவது என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாலடி பேரம்

அப்புறம் நீ வெளிநடப்பு வாரம் என்று ஒன்றை அறிவித்தாய். ஒரு வாரம் ஒருத்தரும் லாகின் செய்யக்கூடாது. கம்பெனி பயந்து வழிக்கு வரும். எனக்கு அது சரியென்றே பட்டது. சரக்கைக் கீழே வைத்துவிட்டு நாலடி நட, கடைக்காரன் தானாகக் கூப்பிடுவான் என்பது நான் பிளாட்பாரத்தில் படித்த முதல் பாடம். கடையில் கூடிய எல்லாரும் கை தூக்கினோம். கூப்பிட விருப்பமில்லாத கடைக்காரனிடம் நாலடி நடந்தால் அது வீட்டுக்குப் போகிற வழி என்று அங்கே ஒரு தலைக்கும் உறைக்கவில்லை. சர்வரை அணைக்கக் காரணம் தேடுகிறவனிடம், கேமைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, கேமைக் காலி செய்து கொடுத்தோம். ரசிகர்களைத் தவிர வேறு எந்தப் பைத்தியக்காரனும் இதைச் செய்ய மாட்டான்.

அஸ்லம் பாய் மட்டும் கை தூக்கவில்லை. அவர் கப்பலில் வேற்று தேசத்து ஆட்கள் நாலு பேர் உண்டு. உன் சேனல், உன் வெளிநடப்பு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. கேமில் கேப்டன் துறைமுகத்தில் விளக்கு ஏற்றினால்தான் அவர்களுக்குக் கப்பல் கிளம்புகிறது என்று தெரியும். எல்லாரும் அவரை முறைத்தோம். அவர் டைப் செய்து ஒவ்வொருத்தர் முகத்துக்கு நேராகவும் போனைக் காட்டினார். "அவங்க வந்து இருட்டுல நிக்கணுமா?"

சிவப்பு வட்டம்

வாரத்தின் நடுவில் பாய் மத்தியானத்தில், தையல் வேலையை அப்படியே போட்டுவிட்டு, நூல் ஒட்டின சட்டையோடு வந்தார். கையில் போன். உன் வீடியோ. காலியான துறைமுகத்தில் ஒரே ஒரு விளக்கு எரிகிறது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் கேப்டன் தர்ஜி என்ற பெயர். அது தன் பெயர் என்று அவருக்குத் தெரிகிறது. நீ என்ன சொல்கிறாய் என்று தெரியவில்லை. கீழே எழுத்தும் கிடையாது. சொல்லுங்கள் என்று ஜாடை காட்டினார்.

நான் கேட்டேன். கம்பெனியிடம் காசு வாங்கினவன் என்றாய். துரோகி என்றாய். இவனோடு கப்பல் ஏறுகிறவனும் துரோகி என்றாய். நடுவில் சிரித்தாய் வேறு. "வெளிநடப்புல சேரலைன்னு வருத்தப்படுறான், வேற ஒண்ணுமில்ல பாய்" என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்தார். திரையில் அசைந்துகொண்டே இருந்த உன் வாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டைப் செய்தார். "இவ்வளவு நேரம் வாய் அசையுது. நீங்க ஒரு வரி எழுதுறீங்க. மிச்சத்தையும் எழுதுங்க."

எழுதினேன். உன் ஒவ்வொரு வார்த்தையையும் என் கையால் டைப் செய்து அந்த மனுஷனுக்குக் கொடுத்தேன்.

ஓட்டு

கப்பலின் ஆட்கள் ஓட்டுப் போட்டு கேப்டன் கொடியை இறக்கலாம் என்று கேமில் ஒரு விதி. வெளிநடப்பு முடிந்து உள்ளே வந்ததும் முதல் வேலையாக பாயின் கொடியை இறக்கினார்கள். அந்த நாலு வெளித்தேசத்து ஆட்களில் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுப் போட்டார்களாம். உன் சிவப்பு வட்டம் அதற்குள் அவர்கள் ஊருக்கும் போயிருந்தது. கப்பலின் மீதி மூன்று பேர் எங்கள் மொஹல்லா ஆட்கள், அவர்களும் போட்டார்கள். ஒருத்தர் பாயிடம் சீட் கவர் தைத்து மாட்டின வண்டியில்தான் என் கடைக்கே வந்தார், மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் மகேஷ்.

"ஏன்யா, அந்த சீட்டு மேல உட்கார்ந்துகிட்டே இதைச் செஞ்சியா?" என்று வாசலிலேயே மறித்தேன். சட்டையைப் பிடித்திருப்பேன், சித்தராஜு நடுவில் வந்துவிட்டான். மகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தப்புன்னு தெரியும்ணா. போடலைன்னா அடுத்த வட்டம் என் பேரைச் சுத்தி வரும்."

அன்புக்கு மறுபடியும் நன்றி

கம்பெனி பயந்துவிடும் என்றாயே, பயந்த லட்சணத்தைக் கேள். கடந்த வாரத்தில் ஆடுகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டதால் சொன்ன தேதிக்கு முன்பாகவே சர்வரை நிறுத்துகிறோம் என்று அடுத்த அறிவிப்பு வந்தது. மறுபடியும் அன்புக்கு நன்றி. யாரைத் திட்டுவது? கம்பெனிக்கு முகம் இல்லை. திட்டுவதற்கு வாகாக இருந்த ஒரே முகத்தை ஏற்கெனவே திட்டி முடித்திருந்தோம். கேம் ஆடுகிற எங்கள் போன் குரூப்பில் ஒருவர் அதற்கும் பாயை விடவில்லை. துரோகியால்தான் தேதி முன்னால் வந்தது என்று போட்டார். அதற்கும் ஐம்பது கட்டைவிரல். ஒரு வாரம் முழுக்க எங்களில் உள்ளே இருந்த ஒரே ஆள் அவர், ஆள் குறைந்ததற்கும் அவரே காரணமாம்!

நீ அன்றைக்கு என்ன செய்தாய் என்று சித்தராஜுதான் போனில் காட்டினான். 'கப்பல் கேம் போனால் என்ன, அதைப் போல ஐந்து கேம்கள்' என்று வீடியோ. வெளிநடப்பைப் பற்றி ஒரு பேச்சில்லை. சித்தராஜு போனைக் கவிழ்த்து வைத்தான். "இவன் துக்க வீட்டுலயும் பந்தி பரிமாறுற ஆளுண்ணா. செத்தது யாருன்னு மட்டும் கேட்க மாட்டான்."

கடைசி நாள்

சர்வர் அணைகிற அன்று காலையில் நான் பாயின் கடைக்குப் போனேன். மிஷினில் கறுப்பு ரெக்ஸின் ஓடிக்கொண்டிருந்தது. என் கப்பலுக்கு வாங்க பாய், நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் கேப்டனாக இருங்கள் என்று டைப் செய்து நீட்டினேன். வாழ்க்கையில் நான் முதல் விலையே கடைசி விலையாகச் சொன்ன ஒரே இடம் அது. அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். தோளில் தட்டினார். போனை வாங்கி, நிறைய நேரம் எழுதி, அழித்து, மறுபடி எழுதினார்.

"நேத்து சின்னப் படகுல தனியாப் போனேன். எதிரே வந்த ஒவ்வொரு கப்பலுக்கும் விடை சொல்லிக் கொடி காட்டினேன். எல்லாம் திரும்பிக்கிச்சு. போதும் தம்பி."

அவ்வளவுதான். அன்று மாலை கேமுக்குள் போய் அழுதவர்கள், அழுததைப் படம் பிடித்துப் போட்டவர்கள் எல்லாரும் இருந்தார்கள். நீயும் லைவ் போட்டு அழுதாய். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க, போனைச் சாக்கடையில் எறியலாம் போலிருந்தது. பாய் இப்போதும் தினம் என் கடையைத் தாண்டித்தான் போகிறார். கையை உயர்த்துவார், உள்ளே வரமாட்டார். புதுசாக எந்த கேமும் கேட்கவில்லை. வீட்டில் கன்சோலை விற்றுவிடலாமா என்று கேட்டு அவர் வீட்டம்மா ஒரு நாள் வந்தார். வேண்டாம்மா, கொஞ்ச நாள் வைங்க என்று சொல்லி அனுப்பினேன். பழைய கன்சோல் கிடைத்தால் விடாதவன் நான்.

இனி உன்னிடம். கேம் திரும்பாது, அது உன் கையிலும் இல்லை, நான் அதைக் கேட்கவும் இல்லை. நான் கேட்பது உன் கையில் இருக்கிறது. அந்த வீடியோ இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது, வட்டத்தோடு. அதை எடு. பிறகு அதே நாற்காலியில், அதே கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, கேப்டன் தர்ஜி என்று பெயரைச் சொல்லி, அவர் காசு வாங்கவில்லை, துரோகம் செய்யவில்லை, நான் சொன்னது பொய் என்று சொல். மன்னிப்பு என்ற வார்த்தையை உன் ஆட்கள் அத்தனை பேரும் கேட்கும்படி சொல். பேரமெல்லாம் கிடையாது, இதில் ஒரு பைசா குறைக்க மாட்டேன். மறக்காமல் கீழே எழுத்துப் போடு. ஊரெல்லாம் கேட்கிற மன்னிப்பு, கேட்க வேண்டிய ஒருத்தருக்கு மட்டும் போய்ச் சேராத கூத்து நம் கேம் உலகத்தில்தான் நடக்கும்.